கைக்குள் வந்த விருந்தாளி

"ஏக்கா, இங்க வாங்களேன்! அண்ணாச்சி கையைப் பாருங்க, நெட்டி முறிக்கு!"

பக்கத்து வீட்டு ரெஜினா போட்ட சத்தத்தில் ஆவுடை கரண்டியோடு ஓடி வந்தாள். ரெஜினா தன் பிள்ளையைத் தூக்கி வந்து, மகராசனின் சாய்வு நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்த்திப் பிடித்திருந்தாள். பல் முளைக்காத பிள்ளை. மகராசனின் வலது கை அதன் கன்னத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம் வழித்தது. பிறகு மெல்ல எழும்பி, மகராசனுடைய நெற்றிப்பொட்டுக்கே வந்து, விரல்களை மடக்கி அழுத்தியது. படபடவென்று முறிந்தது.

தன் கையே தன்னை அடிக்க வருகிறது என்று மகராசன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எம்மா, எம்புட்டுத் திருஷ்டி!" என்றாள் ரெஜினா. "எங்க அத்தை முறிச்சாக்கூட இப்படி விழாது. எங்க படிச்சிய அண்ணாச்சி?"

"நான் எங்கம்மா முறிச்சேன்? அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. எனக்கு ஒண்ணும் தெரியல."

ஆவுடை சிரிக்கவில்லை. அந்தக் கையைக் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை. பிள்ளைகளைக் கண்டால் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டும். அதற்கு மேல் அதற்குக் கொஞ்சத் தெரியாது. கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பது பொம்பளைக் கை. அது மட்டுமில்லை. காலைச் சோலி முடிந்து, மத்தியானச் சோறும் ஆகிவிட்ட இந்த நேரத்தில் அந்தக் கை அசையவே கூடாது.

"அவ வந்திருக்கா" என்றாள்.

"எவக்கா?"

"கைக்குள்ள வருவாளே, அவ."

ரெஜினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நாற்காலிக் கைப்பிடியில் அந்தக் கை ஈரத் துணிபோல் மறுபடியும் தொங்கியது.

சித்திரையில் பைக்கிலிருந்து விழுந்தபோது மகராசனுக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை. தோளில் நரம்பு வேரோடு பிய்ந்துபோனது. கை இருந்தது, சொன்னால் கேட்கவில்லை, தொட்டால் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தோலுக்குள் ஒரு வில்லையை வைத்துத் தைத்தார்கள். அறுந்த நரம்புக்கு அதுதான் பாலம். வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். மாட்ட வந்த கம்பெனிப் பெண் அன்றைக்கே விளக்கமாகச் சொல்லியிருந்தாள்.

"பாலம் போட்டாச்சு. ஆனா இவங்க மூளைக்கு அந்த வழி பழகலை. அதனால பழக்கிவிட ஒருத்தங்க வருவாங்க. யாழ்ப்பாணத்துல இருக்காங்க. அவங்க கையில ஒரு உறை மாட்டியிருப்பாங்க. அவங்க அங்க விரலை மடக்கினா, இங்க இவங்க விரல் மடங்கும்."

"அவ மடக்குனா?" என்று ஆவுடை கேட்டாள்.

"ஆமா. இங்க கையில என்ன பட்டாலும் அங்க அவங்களுக்குத் தெரியும். சூடு, குளிர்ச்சி, எல்லாம்."

"இவுகளுக்கு?"

"இப்போ தெரியாதும்மா. போகப் போக இவங்களுக்கும் தெரியும். வேலை முடிஞ்சு அவங்க போனதும் திரையில 'துடைக்கவா?'ன்னு கேக்கும். தொட்டுருங்க. அவங்க வந்த தடத்தைத் துடைச்சுரும். மறுநாள் நீங்களா கூப்பிட்டா மறுபடி வருவாங்க. அவ்வளவுதான்."

அப்படித்தான் நிரோஜினி வந்தாள். தினமும் காலையில் பத்து மணிக்குக் குரல் வரும். முகம் வராது.

"வணக்கம் அண்ணை. இரவு வடிவா நித்திரை கொண்டீங்களோ?"

"கொண்டேன், கொண்டேன்" என்பான் மகராசன், முகமெல்லாம் பல்லாக.

அடுக்களையில் பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக விழும்.

"நித்திரை கொண்டியளாக்கும்!" என்று பின்னால் ஆவுடை பிடித்துக்கொள்வாள். "நான் தூங்குனியளான்னு கேட்டா 'ம்'முன்னு ஒரு சத்தம். அதுவும் திரும்பிப் படுத்துக்கிட்டு."

"அந்தத் தமிழக் கேட்டா பதில் சொல்லணும்போல இருக்குட்டி. பாட்டு மாதிரில்லா பேசுதா."

"பாட்டு கேக்கணும்னா ரேடியோவப் போடுங்க."

நிரோஜினி அந்தக் கையைக் கொண்டு மொச்சைக் கொட்டையைப் பொறுக்கி டம்ளரில் போடுவாள். துண்டை மடிப்பாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றுவாள். மகராசன் பார்த்துக்கொண்டே மனதுக்குள் 'மடக்கு, நீட்டு' என்று கூடவே சொல்ல வேண்டும். முடிந்ததும், "போட்டு வாறன் அண்ணை, போட்டு வாறன் அக்கா" என்று விடைபெறுவாள். திரையில் 'துடைக்கவா?' வந்து நிற்கும். ஆவுடை அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆகட்டும் என்று போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் திரை தானாக இருண்டுவிடும். மூலையில் ஒரு பச்சைப் பொட்டு மட்டும் எரியும்.

முகம் தெரிந்திருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது. ஆவுடையே நிரோஜினிக்கு ஒரு முகம் செய்து வைத்திருந்தாள். அது நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது.

இப்போது நெட்டி முறித்த கையைப் பார்த்தபடி ஆவுடை நின்றாள். ரெஜினாவிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. மகராசனிடமும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியதும், ஆவுடை ஸ்டூலை இழுத்துப் போட்டு வலது பக்கம் உட்காருவாள். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். தேங்காய் எண்ணெய் தடவுவாள். ஒன்றும் தெரியாத கைதானே என்று அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருப்பாள். ஒரு நாள் அது திருப்பிப் பிடித்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவள் கையைப் பொத்தி, விட்டன. மறுநாளும் பிடித்தது. அதற்கு மறுநாளும். மகராசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வெளியே சொன்னால் நின்றுவிடும் என்று ஆவுடை யாரிடமும் மூச்சு விடவில்லை. தூக்கத்தில் இவருக்கு என் மேல் இவ்வளவு இருக்கிறதே என்று கையை மடியில் வைத்தபடி சிரித்தாள், அடுக்களையில் போயும் தனியாகச் சிரித்தாள்.

நெட்டி முறிக்கிற கை எதுவோ, அதுதானே என்னையும் பிடித்தது?

"ரெஜினா" என்றாள். "ஒன் வீட்டுக்காரர வரச் சொல்லு. இந்தப் பெட்டிக்கு வார வழி எல்லாத்தையும் அடைக்கணும்."

ரெஜினாவின் கணவன் பெர்க்மான்ஸ் தெரு முழுக்க இன்டர்நெட் இழுத்துக் கொடுப்பவன். சாயங்காலமே வந்தான். ரூட்டரைத் திறந்து என்னென்னவோ தட்டினான்.

"எல்லா வாசலையும் அடைச்சாச்சு மதினி. முன்னமும் திறந்து கிடக்கல. இருந்தாலும் ஒங்க திருப்திக்கு இன்னொரு பூட்டும் போட்டிருக்கேன். இனிமே கொசு வராது."

"கொசு வந்துட்டுப் போகட்டும். பொம்பள வரக் கூடாது."

"பத்து மணிக்குச் சோலிக்கு வரணும்லா?"

"சோலிக்கு வரட்டும். அது முடிஞ்சா போகணும்."

மகராசன் நாற்காலியிலிருந்து, "அவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு, நீ போப்பா" என்றான்.

மறுநாள் ஆவுடை முருங்கைக்கீரைக் கொத்தை முறத்தில் போட்டு, மகராசனின் நாற்காலிப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீயும் வாசத்துக்கு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது வலது கை முறத்தில் இருந்தது. ஒரு இணுக்கை எடுத்துக் காம்பின் நுனியைப் பிடித்து, ஒரே இழுப்பில் இலையை உருவியது. காம்பை முறத்தின் ஓரத்தில் தனியாகப் போட்டது. அடுத்த இணுக்கு. பழுத்த இலை விரலில் பட்டதும் நின்று, அதை மட்டும் கிள்ளி எறிந்தது.

மகராசன் இடது கையில் பேப்பரைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவே தெரியாது.

ஆவுடை கதவோரத்திலேயே நின்றாள். இந்த மனிதன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கீரை ஆய்ந்து கொடுத்திருப்பானா? 'ஏங்க, கொஞ்சம் ஆயுங்க' என்று கேட்டால் முறத்தைக் காலால் தள்ளுகிறவன். அவன் கையால் எவளோ ஆய்கிறாள். அதுவும் தன்னைவிடச் சுத்தமாக ஆய்கிறாள். என் வீட்டுக் கீரை. என் முறம்.

முறத்தை வெடுக்கென்று பறித்தாள். கை வெறுங்காற்றில் இரண்டு தரம் கிள்ளியது. பிறகு தெரிந்துகொண்டதுபோல் அடங்கியது.

"பெர்க்மான்ஸு!" என்று வாசலுக்குப் போய்க் கத்தினாள். "பூட்டுப் போட்டியே, என்னப்பா பூட்டு?"

பெர்க்மான்ஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, தன் கைக்கருவியில் கொஞ்ச நேரம் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"மதினி, பூட்டு சரியாத்தான் இருக்கு. வெளியேயிருந்து எவளும் வரல. வரவும் முடியாது."

"அப்ப கீரைய யாரு ஆஞ்சது? நீயா?"

"கேளுங்க. இப்ப ஒங்க வீட்டச் சுத்தி ஒரு மதில் இருக்குன்னு வைங்க. வெளியேயிருந்து ஒருத்தன் கதவத் தட்டுனா மதில் விடாது. ஆனா வீட்டுக்குள்ளேயிருந்து நீங்க ஒருத்தரக் கூப்பிட்டா, அந்தக் கூப்பாட்ட மதில் தடுக்காது. வீட்டு ஆளு கூப்பிடுதாவன்னு விட்டுரும். கூப்பிட்டதுக்குப் பதில் வந்தா அதையும் உள்ள விட்டுரும்."

"அவ எங்கயோ கடலுக்கு அங்கிட்டு இருக்கா. இங்கேருந்து கூப்பிட்டா கேக்குமா?"

"நேராக் கேக்காது. அவ வீட்டுக்கும் மதில் இருக்கும்லா. அதுக்குத்தான் நடுவுல கம்பெனிக்காரன் ஒரு சத்திரம் வச்சிருக்கான். ஒங்க பெட்டி உள்ளேருந்து கிளம்பிச் சத்திரத்துக்குப் போய், 'நான் வந்திருக்கேன், அவ இருக்காளா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அவளும் அவ வீட்டுலேருந்து கிளம்பி அங்க வருவா. ரெண்டு பேரும் சத்திரத்துல கையப் பிடிச்சுக்கிடுவாங்க. மதிலு ரெண்டும் அப்படியே இருக்கும். ஒரு ஓட்டை கிடையாது."

"அப்ப..." ஆவுடை நாற்காலிப் பக்கம் பார்த்தாள். "இங்கேருந்துதான் கூப்பிடுதாவங்கிறியா?"

"இங்கேருந்துதான் போகுது. இப்பக்கூடப் போய்க்கிட்டுத்தான் இருக்கு. பெட்டியக் கூப்பிடச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. கம்பெனி முத்திரை வச்ச பெட்டி, நான் திறக்கக் கூடாது. ஆனா மதினி..." பெர்க்மான்ஸ் குரலைத் தாழ்த்தினான். "உள்ள இருக்கறவங்க கூப்பிடாம வெளியேருந்து யாரும் வர முடியாது. அது மட்டும் நிச்சயம்."

அந்த வீட்டுக்குள் இருப்பது இரண்டே பேர்.

பெர்க்மான்ஸ் போன பிறகு ஆவுடை கதவைச் சாத்தினாள். மகராசன் பேப்பரை மடித்து வைத்தான்.

"நான் கூப்பிடல" என்றான், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

"பின்னே நானா கூப்பிடுதேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை நாளா நடக்கு? நான் கடைக்குப் போறப்ப கூப்பிடுதியளா, குளிக்கப் போறப்ப கூப்பிடுதியளா? என்ன பேசுதிய ரெண்டு பேரும்? நித்திரை கொண்டியளான்னா?"

"ஏட்டி, அந்தக் கைக்கு ஒண்ணுமே தெரியலன்னு ஒனக்குத் தெரியாதா? அவ வந்து தொட்டா எனக்கு என்ன, தொடாட்டி எனக்கு என்ன? செத்த கையக் கொடுத்து எவகூடக் கொஞ்ச முடியும்?"

"அந்தப் பெட்டி வயரைப் பிடுங்குதேன். அப்பத் தெரியும் யாருக்கு நோகுதுன்னு."

அவள் பெட்டியை நோக்கிப் போனாள். மகராசன் எழுந்தே விட்டான். வலது கை தொங்கி ஆட, தடுமாறிப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றான்.

"பிடுங்காத. தை பொறந்ததும் துறைமுகத்துல டெஸ்டுக்குக் கூப்பிடுவான். கை தூக்கி லீவரப் பிடிச்சாத்தான் கிரேன்ல ஏத்துவான். இப்ப நிப்பாட்டினா பாலம் காஞ்சு போயிரும்னு டாக்டர் சொன்னது ஒனக்கும்தான் தெரியும். அதுக்கப்புறம் என்னை வாசல் கேட்டுல உக்கார வச்சு லாரி நம்பர் எழுதச் சொல்லுவான்."

"எழுதுங்க. எனக்குச் சம்மதம். என் புருஷன் கை என் புருஷன் கையா இருந்தாப் போதும்."

"எனக்குச் சம்மதமில்லட்டி" என்றான் அவன். "எனக்கு அந்தக் கை வேணும். ஒனக்கும் வேணும். எனக்குத் தெரியும்."

கடைசியில் சொன்ன அந்தச் சொல்லில் ஏதோ ஒரு முள் இருந்தது. ஆவுடைக்கு அப்போது அது விளங்கவில்லை. வயரைப் பிடுங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் அவள் ஸ்டூலை இழுத்துப் போடவில்லை.

மறுநாள் குரல் வந்தது.

"வணக்கம் அண்ணை. இரவு வடிவா..."

"நிரோஜினி" என்றாள் ஆவுடை. பெட்டிக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். "சோலி ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்."

"ஓம் அக்கா, கேளுங்கோ."

"சோலி முடிஞ்ச பிறகும் நீ எதுக்கு என் புருஷன் கைக்குள்ள வாரே?"

மேசை மேல் மொச்சைக் கொட்டையை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. மகராசன் சுவரைப் பார்த்தான்.

"அக்கா... நீங்கள்தானே திறந்து விட்டிருக்கிறீங்கள்."

"நானா?"

"ஓம். நான் போட்டு வாறன் எண்டு சொன்ன பிறகு நீங்கள் துடைச்சு விட வேணும். அப்பதான் உங்கட பெட்டி என்னைக் கூப்பிடுறதை நிப்பாட்டும். நீங்கள் ஒரு நாளும் துடைக்கேல்லை. என்ர பக்கத்தில உங்கட வீட்டுப் பச்சை விளக்கு அணையிறதே இல்லை அக்கா. பகல் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்."

ஆவுடை திரையின் மூலையில் இருந்த பச்சைப் பொட்டைப் பார்த்தாள். இத்தனை நாளும் அது கரன்ட் இருப்பதைக் காட்டுகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்.

"அது... துடைக்கவான்னு கேக்கும்" என்றாள் மெதுவாக. "நீ போட்டு வாறேன்னு சொல்லி வாய மூடல, அதுக்குள்ள துடைக்கவான்னு கேக்கும். ஒருத்தி வாசல் தாண்டிப் போனதும் பின்னாலயே தூத்துத் துடைப்பாளா எவளாவது? போறவ நல்லபடியாப் போய்ச் சேர வேண்டாமா? அந்தக் கம்பெனிக்காரிக்குத்தான் கூறு இல்ல. எனக்குமா இல்ல?"

மகராசன் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் அக்கா" என்றாள் நிரோஜினி. "ஆக்கள் வெளிக்கிட்டுப் போனால், போய்ச் சேர்ந்திட்டினம் எண்டு தெரியும்வரை அம்மா விளக்குமாத்தைத் தொடமாட்டா. அதாலதான் நான் நினைச்சன், இந்த அக்கா என்னை வந்து போற சொந்தமா வச்சிருக்கிறா எண்டு."

"அதுக்கு? அதுக்காக வந்துருவியா? வந்து என் புருஷன் கையில..."

"அண்ணைக்காக நான் ஒரு நாளும் வரேல்லை அக்கா."

மேசை மேல் நின்ற கை மெல்ல இறங்கி மொச்சைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"காலமையில இருந்து பின்னேரம்வரை நான் ஆக்களின்ர கைக்குள்ளதான் இருக்கிறன். எல்லாம் விறைச்ச கை. கட்டில் விளிம்பு, பிளாஸ்டிக் தட்டு, மொச்சைக் கொட்டை, இதுதான் படும். அண்டைக்கு ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டிட்டு வந்து பாத்தால் உங்கட விளக்கு எரியுது. ஏன் கூப்பிடுகினம் எண்டு உறையைப் போட்டுப் பாத்தன். ஒரு கை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருக்குது. எண்ணெய் பூசின கை. பெருவிரல்ல ஒரு பழைய வெட்டு. மோதிரம் லூசா ஆடுது. உடன எடுத்திருக்க வேணும் அக்கா. பிழைதான். எடுக்கேல்லை. திருப்பிப் பிடிச்சிட்டன்."

ஆவுடை தன் பெருவிரலைப் பார்த்தாள். அரிவாள்மணை வெட்டியது. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"பிறகு ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு உறையைப் போட்டுக்கொண்டு இருப்பன். இடையில நேரம் கிடைச்சாலும் போட்டுப் பாப்பன்; அந்தப் பிள்ளையின்ர கன்னமும் கீரையும் அப்பிடித்தான் கையில பட்டது. நேற்று நீங்கள் வரேல்லை. கோவம் எண்டு விளங்கினது."

"வேற வீட்டுலயும்..." கேட்கக் கூடாது என்று ஆவுடை நினைத்தாள், கேட்டாள். "வேற வீட்டுலயும் இப்படித்தான் போய் உக்காருவியா?"

"இல்லை அக்கா. மற்ற வீடுகளில நான் கதைச்சு முடிக்க முதலே துடைச்சுப்போடுவினம்."

இல்லை என்ற அந்த ஒரு சொல் உள்ளே போய்க் குளிர்ந்ததை ஆவுடை கவனித்தாள். யாருக்காக இவ்வளவு நாள் எரிந்தோம், இப்போது யாருக்காகக் குளிர்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் யாரு?"

மகராசன்தான். இரண்டு பேரும் அவனை மறந்தே போயிருந்தார்கள். அவன் தன் வலது கையை, மேசை மேல் மொச்சைக்குப் பக்கத்தில் கிடந்த அதை, அடுத்த வீட்டுப் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிடுதிய. நடுவுல நான் யாரு? சத்திரமா?"

"ஏங்க..."

"நான் தூங்கல ஆவுடை. ஒரு நாளும் தூங்கல. கண்ணை அரைகுறையா மூடிக்கிட்டுத்தான் கிடப்பேன்."

"குறட்டை விட்டிய?"

"விட்டேன். நீ சிரிக்கறத நிப்பாட்டிரக் கூடாதேன்னு விட்டேன். அந்தக் கைய மடியில வச்சுக்கிட்டு நீ ஒரு சிரிப்புச் சிரிப்ப. என்னைப் பாத்து அப்படி ஒரு நாள் சிரிச்சிருக்கியா? நான் அசைக்கலன்னு எனக்குத் தெரியும். எது அசைக்குதுன்னு தெரியாது. இயந்திரம் போலன்னு நெனச்சேன். எம் பொண்டாட்டி ஒரு இயந்திரத்துகிட்டச் சிரிக்கா, சிரிச்சுட்டுப் போகட்டும், டெஸ்ட் முடிஞ்சா கை எனக்கு வந்துரும், அப்ப அந்தச் சிரிப்பும் எனக்கு வந்துரும்னு கிடந்தேன்." அவன் இடது கையை நீட்டினான். "இந்தா, இது நல்ல கை. பிடிச்சா தெரியும். இங்கிட்டு ஒரு நாள் ஸ்டூலப் போட்டியா நீ?"

நல்ல கையைப் பிடிக்க வேண்டும் என்று ஆவுடைக்குத் தோன்றியதே இல்லை. நல்ல கை பேப்பர் பிடித்திருக்கும். இல்லாவிட்டால் போன் பிடித்திருக்கும்.

"அக்கா" என்றது பெட்டி. "நான் கொம்பனியில சொல்லி வேற ஆளை அனுப்பச் சொல்லுறன். கோவிக்காதேங்கோ."

"வேண்டாம்" என்றாள் ஆவுடை. கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டாள். மகராசன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"வேற ஆளு வந்து முதல்லேருந்து பழகிக்கிட்டு இருந்தா தை போயி மாசி வந்துரும்" என்றான், மொச்சைக் கொட்டையிடம் சொல்வதுபோல். "சோலியப் பாரும்மா."

கை கொட்டையைப் பொறுக்கியது, துண்டை மடித்தது, பொத்தானைப் போட்டது. 'மடக்கு, நீட்டு' என்று மகராசன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு செய்ததை இன்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான்.

"போட்டு வாறன் அண்ணை. போட்டு வாறன் அக்கா."

"போயிட்டு வா" என்றாள் ஆவுடை. "நாளைக்கு நானே கூப்பிடுவேன். கூப்பிட்டா மட்டும் வா."

"ஓம் அக்கா."

திரையில் 'துடைக்கவா?' வந்தது. ஆவுடை அதன் முன்னால் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்க?"

"இருங்க. தெருமுனை தாண்டட்டும்."

மகராசனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அவள் கண் திரையில் இருந்தது. காது எதற்கோ காத்திருந்தது. யாழ்ப்பாணத்தில், தான் செய்து வைத்த அந்த அழகான முகத்தைக் கழற்றிவிட்டு, வெறும் கை ஒன்று உறையிலிருந்து வெளியே வந்து, மேசையில் தனியாகக் கிடப்பதை அவள் நினைத்துப் பார்த்திருக்கலாம். பிறகு விரலை நீட்டித் தொட்டாள்.

பச்சைப் பொட்டு அணைந்தது. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

அவள் ஸ்டூலை எடுத்தாள். இடது பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். மகராசன் தலையை ஆட்டினான்.

"அங்கிட்டு இல்ல."

"நீங்கதான இங்கிட்டுப் போடச் சொன்னிய?"

"அது அப்பறம். இப்ப அந்தக் கையப் பிடி."

"அதுக்குத் தெரியாதுல்லா."

"தெரியாதுதான். பிடி."

வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். கையை எடுத்து மடியில் வைத்தாள். அதே கனம். அதே எண்ணெய் வாசம். ஆனால் இன்றைக்கு அதற்குள் யாரும் இல்லை என்பது எப்படியோ அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் ஆள் இருந்த வீடு அது. இப்போது காலி வீடு.

மகராசன் கண்ணை மூடவில்லை. கையையே பார்த்தான். நெற்றியில் நரம்பு புடைத்தது. மேலுதட்டில் வேர்த்தது.

"அழுத்துதேன்" என்றான். "தெரியுதா?"

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியுது என்று சொல்லிவிடலாம். சொன்னால் சந்தோஷப்படுவான். ஆனால் நிஜமாகப் பிடித்த கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"இல்ல" என்றாள்.

"இப்ப?"

"இல்ல."

"அவ பிடிச்சா எப்படி இருக்கும்?"

"அத ஏன் கேக்கிய இப்ப?"

"சொல்லு. நானும் அப்படிப் பிடிக்கணும்லா."

அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, முகத்தை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"அவள மாதிரி வேண்டாம். நீங்க எப்படிப் பிடிப்பியளோ அப்படிப் பிடிங்க. உள்ளேருந்து கூப்பிடணுமாம். கூப்பிட்டாத்தான் வருமாம். கூப்பிடுங்க."

"கூப்பிட்டுக்கிட்டேதான்ட்டி இருக்கேன்" என்றான் மகராசன்.